சத்தமில்லாமல் தீர்ந்த இணையம்

இணையம் தீர்ந்துபோய்விட்டது என்று லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். "மாசம் பொறந்து பத்து நாள்கூட ஆகல தம்பி. அதுக்குள்ள முடிஞ்சிருச்சாம். கொழும்புக்கு ஒரு மெயில் போகமாட்டேங்குது" என்றார். சிரித்ததற்குப் பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்தத் தோட்டத்தில் அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் செய்தேன். உங்களிடம் சொல்ல நினைத்தது அதைத்தான்.

நீங்கள் எல்லாரும் படித்துச் சான்றிதழோடு இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நான் தொண்ணூறுகளில் ஹட்டனில் தொலைபேசிக் கம்பம் ஏறிப் பழகி, கம்பியை விட்டுக் கணினிக்கு வந்தவன். எந்தப் பெட்டியில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லித் தரப்போவதில்லை. ஒரு ஆளின் பெயரைத் தாளில் எழுதச் சொல்லி நாலு பேர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பேனாவை என்ன செய்வது என்பது பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பின்பாதி அது. தோட்டங்களுக்கு அப்போதுதான் வேகமான இணையம் வந்துகொண்டிருந்தது. மாதத்துக்கு இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு. அது முடிந்தால் அடுத்த மாதம் பிறக்கும்வரை லைன் நொண்டும். இந்தத் தோட்டத்துக்கு நான்தான் ஒரு வருடத்துக்கு முன்பு லைன் போட்டுக் கொடுத்திருந்தேன். லைன் வந்து இறங்குவது ஆபீசில். அங்கிருந்து கம்பி இல்லாமல் ஆன்டெனா வழியாக மேட்டிலிருக்கும் துரை பங்களாவுக்கும் ஒரு கிளை போகும். தோட்டத்து மனேஜரைத் துரை என்பது அங்கே பழக்கம். இவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஆரம்பத்தில் பங்களாவில் அடிக்கடி லைன் போனது. தூசு தட்டும் அப்பு அங்கிருந்த இணையப் பெட்டியின் சுவிட்சையும் சேர்த்துத் தட்டிவிடுவார். அப்பு என்பவர் பங்களாவின் சமையலும் வீட்டுப் பொறுப்பும் பார்க்கிறவர். மூன்று முறை பஸ் ஏறிப் போய் அந்த ஒற்றைச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன். நாலாவது முறை அவரை நிற்கவைத்து நன்றாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இணையம் தீர்ந்த விஷயத்துக்கு வருகிறேன். போய்ப் பார்த்தேன். ஆபீஸ் ரவுட்டரில் மொத்தமாக எவ்வளவு இழுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரே ஒரு எண் தெரியும். யார் இழுத்தது என்பதை அந்த நாளைய பெட்டி சொல்லாது. லைன் நொண்டினாலும் அது ஏறிக்கொண்டேதான் இருந்தது. பங்களாவில் என்ன பாவனை, யார் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று துரையிடம் கேட்டேன். "மடிக்கணினி என்கூட ஜீப்பில வரும். நோனா கண்டியில. பகல் முழுக்க அப்பு மட்டும்தான், அவருக்கு இது ஒண்ணும் தெரியாது" என்றார். நோனா என்றது மனைவியை. பெரிய கிளாக்கர் கணினியைத் தொடமாட்டார். மிஞ்சியது செல்வமலர் என்ற இளம் கிளாக்கர். நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருக்கிறவர் அவர்தான்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வேலைத்தாளில், 'அலுவலகக் கணினியில் மிகையான பாவனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினேன். நான் கண்டது ஏறுகிற ஓர் எண்ணை மட்டும். எழுதியது ஓர் ஊகத்தை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் அந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த மாதமும் அதேபோலத் தீர்ந்தது. ஒரு புதன்கிழமை ஹட்டனில் எங்கள் அலுவலகத்துக்கு செல்வமலர் வந்தார். அரைநாள் லீவு போட்டுவிட்டு நனைந்த குடையோடு நின்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சார், இது உங்க கையெழுத்தா?"

என்னுடையதுதான் என்றேன்.

"வெள்ளிக்கிழமை எனக்குக் கடிதம் தரப்போறாங்க. விசாரணை முடியிறவரைக்கும் வேலைக்கு வரவேணாம்னு. அதுல இந்தத் தாளைத்தான் ஆதாரம்னு போட்டிருக்கு."

"கடிதத்துல இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல டைப் பண்றது நான்தானே சார். அதையும் என்கிட்டத்தான் குடுத்தாரு பெரிய கிளாக்கர். ரெண்டு எழுத்துப் பிழை இருந்துச்சு. திருத்திக் குடுத்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் அழவில்லை. அம்மா இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார், அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆபீஸ் கதிரைக்கு வந்த முதல் ஆள் தான்தான், ஒருமுறை எழுந்துவிட்டால் அந்தக் கதிரையில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும் என்பதையெல்லாம் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நீங்க ஒண்ணுமே பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் சார். தம்பியோட ரிசல்ட். இருபது நிமிஷம். துரைகிட்டயும் சொல்லிட்டேன். அத ஒத்துக்கிட்டதால மிச்சத்துக்கும் நான்தான்னு ஆயிருச்சு." தாளைத் திரும்ப மடித்துக்கொண்டார். "வேலை போறது ஒரு பக்கம் இருக்கட்டும். மிச்சத்த யாரு பார்த்தாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தில் ஓர் உயிர் வந்தது. அதே அரிப்பு எனக்கும் உண்டு. அந்த நிமிடத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

தோட்டத்து ஆபீஸ்களில் மழைப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். தினமும் காலையில் முற்றத்து மழைமானியைப் பார்த்து எவ்வளவு பெய்தது, காற்றா, இடியா, பனியா என்று எழுதவேண்டும். அதை எழுதுகிறவர் செல்வமலர். என் வேலைத்தாள் வந்த நாளிலிருந்து மழைக் கட்டத்துக்குப் பக்கத்தில் ரவுட்டரின் எண்ணையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். காலையில் வந்ததும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ஆபீஸ் பூட்டும்போது ஒரு தடவை. அந்தப் பக்கங்களை ஒரு கொப்பியில் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஆபீஸ் பூட்டியிருக்கிற நேரத்துலயும் ஏறுது சார். பாருங்க."

"இத துரைகிட்ட காட்டினீங்களா?"

"பெரிய கிளாக்கர்கிட்ட காட்டினேன். நீ எழுதினதை நீயே சாட்சிக்குக் கொண்டு வர்றியான்னு கேட்டாரு."

கொப்பியைப் புரட்டினேன். யாரோ பக்கத்து மேட்டிலிருந்து ஆன்டெனாவின் அலையைத் திருடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கள்ளனைப் பிடிக்கிற ஆசை நம் தொழிலில் எல்லாருக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் இரண்டு நாள்கள் மட்டும் ஒத்துவரவில்லை. அந்த இரண்டு நாளும் பின்னேரம் குறித்த எண்ணும் மறுநாள் காலை குறித்த எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மறுநாள் மத்தியானம் பார்த்தால் மறுபடி ஏறியிருந்தது. மழைக் கட்டத்தில் இரண்டு நாளுக்கும் ஒரே குறிப்பு: பிற்பகல் இடி.

ஐப்பசியில் எங்கள் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு இடி இடிக்கும். முதல் முழக்கத்துக்கே லயத்திலிருந்து பங்களாவரை எல்லாரும் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். ஓய்ந்த பிறகு திரும்ப மாட்டுவார்கள். லைனும் திரும்ப வந்துவிடும். அப்படியிருக்க, அந்தக் கள்ளன் மட்டும் ஏன் இடிக்குப் பயந்து மறுநாள் காலைவரை படுத்துக் கிடக்கவேண்டும்?

"இடி ஓஞ்ச பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டர என்ன செஞ்சீங்க?"

"உடனே போட்டேன். ரெண்டு நாளும் வேலை கிடந்துச்சு."

அப்படியென்றால் கணினி இல்லை. பிளக்கைக் கழற்றினால் நின்றுவிடுகிற, திரும்ப மாட்டினாலும் தானாக ஓடாத, மறுநாள் காலையில் ஒரு மனிதக் கை பட்டால் மட்டும் ஓடத் தொடங்குகிற ஏதோ ஒன்று. என்ன அது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை தோட்டத்துக்குப் போய்த் துரையிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். பெரிய கிளாக்கர் பக்கத்தில் நின்றார்.

"அன்னைக்கு நீங்கதானே எழுதிக் குடுத்தது? இன்னைக்கு இல்லைன்னு சொல்றதா?" துரைக்குக் கோபத்தைவிட அலுப்புத்தான் அதிகம். இரண்டு மாதமாகக் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு ஏச்சு. "எனக்கு ஒரு பேர் வேணும். பின்னேரம் அஞ்சு மணிக்கு முந்தி எழுதிக் குடுங்க. நாளைக்குக் கடிதம் போகும்." சொல்லிவிட்டுத் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கோடு மலைக்கு ஏறிவிட்டார்.

ஆபீசில் பங்களாக் கிளையைக் கழற்றினேன். எண் அப்படியே நின்றது. திரும்ப மாட்டினேன். மறுபடி ஏறியது. செல்வமலரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரவுட்டருக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு நான் மேட்டுக்கு ஏறினேன். பங்களாவுக்கும் ஆபீசுக்கும் இடையில் உள்தொலைபேசி இருந்தது, அதில் அவர் எண்ணை வாசிக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

பங்களா வெறிச்சென்று கிடந்தது. அப்பு வெள்ளைச் சாரத்தோடு பின்னாலேயே வந்தார். தொலைக்காட்சி அணைந்திருந்தது, அதன் பிளக்கையும் கழற்றினேன். "ஏறுது சார்" என்றது தொலைபேசி. துரையின் அறையில் அச்சு இயந்திரம் ஒன்று இருந்தது, அதையும் கழற்றினேன். "இன்னும் ஏறுது." வேறு வழி தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியைக்கூடக் கழற்றினேன். அப்பு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏறுது சார், நிக்கவே இல்ல." அந்த வீட்டில் கழற்ற இனி எதுவும் இல்லை.

ஹோலில் அலமாரியின் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. மின்சார வயரைத் தவிர வேறு வயர் இல்லாத வகை. மெல்போர்னில் இருக்கும் துரையின் மகள் இரண்டு மாதத்துக்கு முன்பு விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தவை என்று அப்பு சொன்னார். நான் அவற்றை இரண்டு முறை கடந்து போயிருந்தேன். சத்தம் வராத ஸ்பீக்கர் சும்மா இருக்கிற ஸ்பீக்கர் என்றுதானே நினைப்போம். ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்த திருகைக் கொஞ்சம் திருப்பினேன்.

ஆளில்லாத அந்த வீட்டில் ஒரு பெண் சிங்களத்தில் பாடிக்கொண்டிருந்தாள். எங்கோ தூரதேசத்து இணைய வானொலி. பாட்டின் நடுவில் நான் போய் நுழைந்திருந்தேன்.

"சார், கொறைங்க, கொறைங்க" என்று அப்பு பதறினார்.

இரண்டின் பிளக்கையும் பிடுங்கினேன்.  தொலைபேசியில் செல்வமலரின் குரல் மெதுவாக வந்தது. "நின்னுருச்சு சார்." திரும்ப மாட்டினேன். பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. எண் அசையவில்லை. இடி இடித்த இரண்டு நாளும் இதேதான் நடந்திருந்தது.

"அப்பு, இது தினமும் இப்படித்தானா?"

"ஆமாங்க. துரை வெள்ளன சவரம் பண்ணும்போது பாட்டு வைப்பாரு. அப்புடியே ஆளுகளுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போயிருவாரு. ராவைக்கு வந்தா டிவியில நியூஸ்தான், இதத் தொடமாட்டாரு. துரை போனதும் நான் சத்தத்த மட்டும் முழுசாக் கொறச்சிடுவேன்."

"அணைக்கிறதில்லையா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நீங்கதானே சார் சொன்னீங்க. பச்ச லைட்டு எரியிற எதையும் அணைக்கக்கூடாது, அணைச்சா துரைக்கு லைன் போயிரும், நான் இனிமே ஹட்டன்லருந்து வரமாட்டேன்னு. அன்னையிலருந்து ஒரு நாள் அணைச்சதில்லீங்க. இடி இடிச்சா மட்டும் கழட்டுவேன்."

நான் சொன்னதுதான். அதே வார்த்தைகள்தான், குரலின் எரிச்சல்கூட அப்படியே இருந்தது. பெட்டியை மட்டும் நினைத்துச் சொன்னேன். அவர் பச்சை விளக்கு எரிகிற எல்லாவற்றையும் கட்டிக் காத்திருக்கிறார்.

ஒன்றை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தைக் குறைப்பது நம் காதுக்காக மட்டும். கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஸ்பீக்கர் பாட்டை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். துரை சவரம் செய்த அரைமணி நேரத்துக்காக இரவும் பகலும் அந்தப் பெண் பாடியிருக்கிறாள்.

அப்பு சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், எம் பேர எழுதிராதீங்க. இருபத்தாறு வருசம் இந்த பங்களாவுல. ஒரு கரண்டி தொலைஞ்சதில்ல."  சொன்னபடி செய்தவரைப் பயப்படவைத்துவிட்டேனே என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

இறங்கி வரும் வழியில் இன்னொரு யோசனையும் வந்தது, மறைக்கமாட்டேன். துரையின் காதில் மெல்லப் போட்டு ஸ்பீக்கரை அணைக்கப் பழக்கிவிட்டால் அடுத்த மாதம் இணையம் தீராது. 'பழுது திருத்தப்பட்டது' என்று எழுதினால் எல்லாருடைய மரியாதையும் மிஞ்சும், என்னுடையதும் சேர்த்து. ஆனால் என் பழைய தாள் கோப்பில் அப்படியே இருக்கும். அந்தப் பிள்ளை பயந்துபோய் நிறுத்திக்கொண்டது, அதனால்தான் தீரவில்லை என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லும். பெயர் கேட்கிற இடத்தில் மழுப்பினால், ஏற்கெனவே வாயில் அகப்பட்ட பெயர்தான் நிற்கும்.

ஐந்து மணிக்கு ஆபீசில் நாலு பேர் இருந்தோம். துரை, பெரிய கிளாக்கர், செல்வமலர், நான். எழுதிய தாளை நீட்டினேன். துரை சத்தமாகவே வாசித்தார். பங்களா ஸ்பீக்கர்கள் சத்தம் குறைக்கப்பட்ட நிலையில் நாள் முழுக்க இணையத்தை இழுத்தது, அணைக்கவேண்டாம் என்று தவறாகச் சொன்னவர், முந்தைய தாளில் சோதிக்காமல் எழுதியவர். இரண்டு இடத்திலும் ஒரே பெயர், என்னுடையது. கீழே, அலுவலகக் கணினியில் சொந்தப் பாவனை இருபது நிமிடம், கேட்கும் முன்பே கிளாக்கர் ஒப்புக்கொண்டது. அதை எழுதும்படி சொன்னவர் செல்வமலரேதான். "விட்டுட்டா, இதையும் மறைச்சிட்டீங்கன்னு சொல்லுவாங்க சார்" என்றார்.

துரை தாளைத் திருப்பிப் பார்த்தார். "இதுவும் உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"நாளைக்கு இதையும் இல்லைன்னு சொல்றதில்லையே?"

"இல்ல சார். இதை நின்னு பார்த்துட்டு எழுதினேன்."

அவர் தாளை மேசைமேல் வைத்தார். பிறகு சிரித்தார், கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான். "அப்ப ரெண்டு மாசமா நான் பாட்டுக் கேட்டதுக்கு கொழும்பு என்னை ஏசியிருக்கு." செல்வமலர் பக்கம் திரும்பினார். "அந்தக் கடிதம் எங்கே?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு சார்."

"அழிச்சிடு." கதவுவரை போனவர் நின்றார். "அந்த இருபது நிமிஷம்... தம்பி பாஸா?"

"பாஸ் சார்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. துரைமார் கேட்கிற வழக்கம் இல்லை. பெரிய கிளாக்கர் தன் தேநீரைக் கொண்டுபோய்ச் செல்வமலரின் மேசையில் வைத்தார். அப்புவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நுவரெலியா மேலதிகாரியிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இருபத்தைந்து வருடத்தில் எனக்கு வந்தது அந்த ஒன்றுதான், தகுதியோடு வாங்கியதும்கூட.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செல்வமலர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கையில் மழைப் புத்தகத்தின் வெற்றுத்தாள் ஒன்றும் பேனாவும் இருந்தன. சுவரிலிருந்த ரவுட்டரின் பச்சை விளக்கைக் காட்டினார்.

"எத அணைக்கணும், எத அணைக்கக்கூடாதுன்னு இந்தத் தடவை எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார். பங்களாவுல இருக்கிறது, ஆபீஸ்ல இருக்கிறது எல்லாத்துக்கும். அப்புக்கு நான் வாசிச்சுக் காட்டுறேன்."

உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார், திரும்ப ஒரு தடவை வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்து, "இது பார்த்து எழுதினதா, நெனச்சு எழுதினதா?" என்று கேட்டார்.

நெனச்சு எழுதியதுதான். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்தினேன். பஸ் போய்விட்டிருந்தது.